பதினோரு புள்ளி விசுவாசி

லிஃப்ட் மெக்கானிக்குத் தன் கால்பந்து க்ளப்பின் மேல் இருந்த விசுவாசம் நூற்றுக்குப் பதினொன்றுதான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய செல்போன் அறிவித்தது. அப்போது அவர் ஒன்பது மாடிக் கட்டடமொன்றில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் குந்தி உட்கார்ந்து இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கை வழுக்கியது எண்ணெயால் மட்டும் அல்ல.

இருபத்தேழு வருஷமாக மைதானத்தின் வடக்குப் பக்கம் பதினான்காம் வரிசையில்தான் அவருக்கு இடம். நேர் எதிரே ஒரு தூண். இடது பக்கத்து கோல் பாதிதான் தெரியும். மழையில் நனைந்தபடி ஆறு கோல் வாங்கித் தோற்ற நாளிலும் அந்தத் தூணைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு கடைசிவரை இருந்தவர். ஆட்டம் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தார். சகாக்கள் அவரைத் 'தூணு' என்றே கூப்பிட்டார்கள்.

பிறகு புது முதலாளிகள் வந்தார்கள். பந்து உருண்டையாக இருக்கும் என்பதுவரை கற்றுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். முதல் வேலையாகத் தூணை இடித்தார்கள். மெக்கானிக் பூரித்துப்போனார். அடுத்த வேலையாக, தூண் இருந்த இடத்திலிருந்து பதினான்காம் வரிசை வரைக்கும் கண்ணாடி அறை கட்டி சோபா போட்டார்கள். மிச்சமிருக்கும் இடங்கள் விசுவாசப் புள்ளி அதிகம் உள்ளவர்களுக்கே என்று க்ளப்பின் ஆப் சொன்னது.

நியாயம் கேட்க க்ளப் ஆபீசுக்குப் போனார். ஒரு மேசைவிசிறியும் ஒரு கிழட்டு குமாஸ்தாவும் இருந்த இடத்தில் இப்போது பூவாசனை அடித்தது. அதிகாரிப் பெண் அவ்வளவு பணிவாகப் பேசியதிலேயே காரியம் நடக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"சார், நீங்க ஆப்பைத் திறந்தே நாப்பத்தோரு நாளாச்சு."

"நான் மைதானத்துக்கு வந்துக்கிட்டுதானேம்மா இருந்தேன்."

"வர்றது நல்ல விஷயம்தான் சார். ஆனா அதுக்குப் புள்ளி கிடையாது. வீடியோ பாக்கணும், வினாடி வினாவுல கலந்துக்கணும், வீரர்களோட பிறந்தநாளுக்கு இதயம் அனுப்பணும்."

"மூணு தடவை க்ளப் கீழ் பிரிவுக்கு இறங்குச்சு. மூணு தடவையும் கூடவே இறங்கினவன்மா நான்."

அவள் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே சார்."

வீட்டில் அவருடைய மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. உள்ளே ஒருவர் வாயைத் திறந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் அவளுக்கு ஓய்வு; பொழுதுபோக அந்த ஆப்பைத் தட்டிக்கொண்டிருப்பாள். கணவர் கதையைக் கொட்டி முடித்ததும் அவள் தன் போனை நீட்டினாள்.

"ஏங்க, இதுல எனக்குத் தொண்ணூத்து மூணு காட்டுது. நல்லதா, கெட்டதா?"

தங்க விசுவாசி என்று அதில் பட்டம் வேறு. மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு பக்கம் எத்தனை பேர் ஆடுவாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"அதெல்லாம் கேக்கலை. கோல்கீப்பரோட நாய்க்குட்டி பேரு கேட்டாங்க. சொன்னேன்."

ஜெயித்தால்தான் மேல் பிரிவில் தங்கலாம் என்ற கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் வந்தது, அவளுக்கு. வாசலில் கேமரா முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடும். "என் மூஞ்சியை நீங்க மாட்டிக்கிட்டுப் போக முடியாதே" என்று அவள் வருத்தப்பட்டாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள், அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தூக்கம் பெரிது.

ஆட்டம் காலை பதினொன்று இருபதுக்கு. பூமியின் மறுபக்கத்து டிவிக்காரர்களுக்கு அதுதான் தோதாம்; உள்ளூர் டிவியில் கிடையாது. மெக்கானிக் அவளை வேனில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மைதானத்தின் பின் தெருவில் நிறுத்திக்கொண்டார். ஒன்பது புள்ளி வாங்கிய பழைய சகா, 'ரேடியோ' என்று பேர் வாங்கிய முடிவெட்டுக்காரரும் வந்து ஏறிக்கொண்டார். கப்பிகளுக்கும் கிரீஸ் டப்பாக்களுக்கும் நடுவே, உள்ளே இருந்த மனைவியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு விசுவாசமற்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"நம்ம ஆளுங்க பச்சைதானே? இங்க பச்சையே காணோமே" என்றாள் மனைவி.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஊதா அண்ணி. புது ஜெர்சி கடையில விக்கணும்ல" என்றார் ரேடியோ.

"சரி. ஒருத்தர் விழுந்துட்டார்."

"எங்க விழுந்தான்?" என்று பதறினார் மெக்கானிக்.

"புல்லுலதான்."

இந்தத் தரத்தில் முக்கால் மணி நேரம் போயிற்று. தன் முன்வரிசைக்காரர்கள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் தங்களையே படம் பிடிக்கிறார்கள் என்றாள். இரண்டாவது பாதியில் அவள் குரல் மாறத் தொடங்கியது. 'அந்த ஊதா' என்றிருந்தது 'நம்ம பையன்' ஆயிற்று. ஆட்டம் சமநிலையில் இருக்க, முடிய பத்து நிமிஷம் இருந்தபோது அவள் கத்தினாள்.

"காலை வாரி விட்டது எனக்கே தெரியுதுங்க. ரெஃப்ரி இல்லைன்னு தலையாட்டுறான் பாருங்க."

தொடர்ந்து ஒரு வார்த்தை சொன்னாள். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் மெக்கானிக் அதை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. ரேடியோ மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லைன் அறுந்தது.

மைதானத்திலிருந்து ஆரவாரம் எழுந்தது. முன்பென்றால் சத்தத்தை வைத்தே யார் கோல் என்று சொல்லிவிடுவார். இப்போது ஆரவாரத்தையும் ஒலிபெருக்கியில்தான் போடுகிறார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

ஆட்டம் முடியும் முன்பே மனைவி வந்துவிட்டாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. நாற்காலிமேல் ஏறி நின்று சோபாக்காரர்களை மறைத்தாளாம். இரண்டு காவலர்கள் 'மேடம், மேடம்' என்று சொல்லியே வாசல்வரை தள்ளிவந்தார்களாம். வேனில் ஏறியதும் போன் சிணுங்கியது. புள்ளி தொண்ணூற்று மூன்றிலிருந்து நான்கு.

"எங்களைவிடக் கம்மி" என்றார் மெக்கானிக். அவர் குரலில் இருந்தது பொறாமையா பெருமையா என்று ரேடியோவுக்கு விளங்கவில்லை. மெக்கானிக் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

க்ளப் ஜெயிக்கவில்லை, நான்காம் முறையாகக் கீழே இறங்கியது. புதிய பயணம் தொடங்குகிறது என்று முதலாளிகள் அறிக்கை விட்டார்கள். அந்தப் பயணத்துக்கு சோபாக்காரர்கள் யாரும் வரவில்லை. ஆறு வாரம் கழித்து எல்லார் போனுக்கும் செய்தி வந்தது: புள்ளி முறை ரத்து, எல்லாருமே எங்கள் குடும்பம், திரும்பி வாருங்கள்.

"இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று மெக்கானிக் செய்தித்தாளை உதறி விரித்தார்.

"நீங்க வேணா வீட்டுல இருங்க" என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. "எனக்கு அந்த ரெஃப்ரிகிட்ட ஒண்ணு பேச வேண்டியிருக்கு."

அவர் ஒரு பக்கம் முழுசாகப் படிப்பதுபோல் பாவனை செய்தார். பிறகு எழுந்து வேன் சாவியைத் தேட ஆரம்பித்தார்.