சுவரில் இருந்த புருஷன்

மத்தியானம் அந்த வட்டாரம் முழுக்கக் கரண்ட் போய் வந்ததும், அச்சக மெஷின்மேன் முதல் வேலையாகச் செல்போனில் வீட்டுக் கேமராவைத் திறந்தார். கூடம் தெரியவில்லை. "அம்மாடி, கேக்குதா?" என்று கத்திப் பார்த்தார். குரல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகவே தெரியவில்லை.

மனைவிக்கு மறதி நோய் முற்றிய பிறகு கூடத்துச் சுவரில் மாட்டிய, பேசவும் கேட்கவும் முடிகிற அந்தக் கேமராதான் வீட்டுக்குத் துணை. அவர் முகம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. சுவரிலிருந்து வருகிற குரலை மட்டும் புருஷன் என்று நம்பினாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், யாருக்கும் திறக்காதே என்றால் திறக்கமாட்டாள். சாயங்காலம் வாசலில் நின்று, செல்போன் வழியாக "நான்தான் வரேன்" என்று சொன்ன பிறகே அவர் பூட்டில் சாவி போடுவார்.

இன்டர்நெட் பெட்டியான ரவுட்டர் அணைந்து எழுந்தால், அதோடு இணைந்த வீட்டுப் பொருள்களுக்கெல்லாம் இஷ்டத்துக்குப் புது நெட்வொர்க் எண் கொடுக்கும். செல்போன் பழைய எண்ணிலேயே தேடும், கேமரா எங்கேயோ தொலைந்துபோகும். அதனால்தான் போன வாரம் உட்கார்ந்து கேமராவின் எண்ணை நிரந்தரமாக்கினார். 'அப்ளை' அழுத்தினார், வேலை செய்தது, எழுந்துவிட்டார். கீழே இருந்த 'சேவ்' கண்ணில் படவில்லை. இன்றைக்குக் கரண்ட் போனதும் ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஒரு பக்கம் அச்சேறுவதற்குள் நாலு தரம் புரூஃப் பார்க்கிற மனுஷன்! பாழாய்ப்போன கண் அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள். பயத்தில் போட்டிருக்கிறாள். தட்டினார், கூப்பிட்டார், கடைசியில் தோளால் மோதினார்.

"போடா! எங்க வீட்டுக்காரர் வந்தா உன்னச் சும்மா விடமாட்டார்!"

பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "அண்ணே, இடிக்காதீங்க. அக்கா இன்னும் பயந்துடுவாங்க."

அவர் படியில் உட்கார்ந்து செல்போனில் ஒவ்வோர் எண்ணாகத் தட்டிப் பார்த்தார். ஒன்று டிவியுடையது. பலவற்றில் ஒன்றுமே இல்லை. ஒருவழியாகக் கூடம் தெரிந்தது. கதவில் முதுகைச் சாய்த்து, சுவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி!"

"எங்க போயிட்டீங்க இவ்ளோ நேரம்? வெளில எவனோ கதவ ஒடைக்கிறான்."

"நான்தாம்மா வெளில நிக்கிறேன். தாழ்ப்பாளத் தொற."

அவள் கதவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினாள். "அவனும் அப்படித்தான் சொல்றான். நான் ஏமாறுவேனா? நீங்க சொன்ன மாதிரி யாருக்கும் தொறக்கல. சீக்கிரம் வந்துடுங்க."

அவர் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் அழுதார். செல்போன் திரையில் அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அழாதீங்க. நான் பத்திரமாத்தான் இருக்கேன்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தாள்.