பிறந்தநாள் விருந்தில் ஒரு ரெஃபரல்

வான்மதி போட்ட வாய்க்கரிசி உள்ளே போகவில்லை. உதட்டின் மேலேயே நின்றது. இரண்டு மணிகள் கன்னத்தில் உருண்டு சட்டைக் காலருக்குள் விழுந்தன. கறுப்புக் கோட்டுப் போட்ட ஃப்யூனரல் ஹோம் ஊழியர் குனிந்து, வாயை உள்ளேயிருந்து தைத்து மூடியிருப்பதாக இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். இங்கே வழக்கமே அதுதானாம். அட கடவுளே, செத்த பிறகும் இந்த மனுசனை வாயைத் திறக்க விடமாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு.

"அப்படியே மேல வச்சுடு அம்மணி, போதும்," என்றார் டாக்டர் மணியன்.

வைத்தாள். காலையிலிருந்து எல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கிறது. கோபிச்செட்டிபாளையத்துக்கு ஃபோன் போட்டு அவள் புருசன் நஞ்சுண்டனின் அப்பாவிடம் விஷயத்தை உடைத்தது அவர். இந்த இடத்தை ஏற்பாடு பண்ணி, பிளானோ ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களை வேலை நாளில் லீவு போட்டு வரவழைத்ததும் அவர்தான். நஞ்சுண்டன் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து வான்மதியும் எட்டு வயது மகள் வெண்பாவும் தங்கியிருப்பது அவர் வீட்டு மாடியறையில்.

குடும்ப டாக்டரும் அவரே. இன்ஷூரன்ஸ் விதிப்படி குடும்ப டாக்டர் ரெஃபரல் கொடுக்காமல் வேறு எந்த டாக்டரிடமும் போக முடியாது. மற்றவர்கள் அதற்காக அப்பாயின்ட்மென்ட் வாங்கி, அவர் கிளினிக்கில் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டு காத்துக் கிடப்பார்கள். நஞ்சுண்டனுக்கு அந்தத் தொல்லையே இருக்கவில்லை. வெண்பாவின் பிறந்தநாள் விருந்தில், உட்கார முடியாமல் பேப்பர் தட்டோடு சுவரில் சாய்ந்து நின்றவனைப் பார்த்து மணியன் சிரித்தார்.

"என்ன மாப்ள, முதுகா? நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு, அப்புறம் டோல்வே ரோட்டுல டிரைவ் பண்ணிட்டு வந்தா வேற என்ன வரும்? கைரோப்ராக்டர்கிட்ட போங்க. நாலு தடவ நீவிச் சொடக்கு எடுத்தா சரியாயிடும். இதுக்குன்னு கிளினிக்குக்கு வந்து காத்துட்டு இருக்காதீங்க. திங்கக்கிழமை ரெஃபரல் ஃபேக்ஸ் பண்ணச் சொல்றேன்."

சொன்னபடி செய்தார். வான்மதிக்கு அன்று பெருமை பிடிபடவில்லை. நம்ம ஊர்க்காரர் டாக்டராக இருந்தால் எவ்வளவு சௌகரியம் பாருங்கள் என்று கேக் கொடுத்தபடியே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

வலி குறையவில்லை. "ஏனுங்க, டாக்டர் அண்ணன்கிட்ட மறுபடி ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?" என்று கேட்டால் நஞ்சுண்டனுக்குக் கோபம் வரும்.

"சும்மா இரு. நாம கேக்காமயே உதவி பண்ணிருக்கார். அவர்கிட்டப் போய், நீங்க சொன்னது சரிப்படலைன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றதா?"

கோடையில் ஒரு நாள் ஆபீஸ் கார் பார்க்கிங்கில் கால் மரத்து விழுந்தான். கிட்னியில் ஆரம்பித்த புற்றுநோய் அதற்குள் முதுகெலும்பை அரித்திருந்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றியவர்களைப் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றியிருந்தார். ஒரு காலுறையில் ஓட்டை. வான்மதியின் முன்னால் நின்று, தன் பெயர் கீத், நஞ்சுண்டனின் கைரோப்ராக்டர் என்றார். அவர் பேசிய இங்கிலீஷ் அவளுக்கு முழுக்கப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது தடவை வந்தபோது, ராத்திரி படுத்தால்தான் வலி அதிகம் என்று நஞ்சுண்டன் சொன்னானாம். கீத்துக்குச் சரியாகப் படவில்லை. இது தன் கையால் தீர்கிற வலி இல்லை, உடனே உங்கள் டாக்டரிடம் திரும்பிப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். கட்டாயம் போகிறேன் என்றானாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னது ஒரே வரி. "அவர் போதும்னுட்டார்." பாவி, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? டாக்டர் அண்ணனுக்கு மனசு நோகக்கூடாது என்று உன் உயிரையா கொடுப்பாய்? சவப்பெட்டியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல அவளுக்குக் கை பரபரத்தது.

கீத் மணியனிடம் திரும்பிக் கை நீட்டினார்.

"அவரை என்னிடம் அனுப்பியது நீங்கள்தானே, டாக்டர்? நீங்கள் பரிசோதித்தபோது ஏதாவது தென்பட்டதா?"

கேள்வியில் குத்தல் ஏதுமில்லை. ஒரு வைத்தியர் இன்னொருவரிடம் கேட்கிற சாதாரணக் கேள்வி. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணியனின் கை கீத்தின் கைக்குள் அப்படியே இருந்தது.

"அவர் எங்க குடும்பத்து ஆள் மாதிரி," என்றார் இங்கிலீஷில்.

மேலே ஏதாவது வரும் என்று கீத் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தலையசைத்துவிட்டுப் போனார்.

கேள், இப்போது கேள் என்று அவளுக்குள் ஒரு குரல் கத்தியது. எதை வைத்துக்கொண்டு கேட்பது? அவளுடைய விசா நஞ்சுண்டனின் வேலையோடு ஒட்டியது. கிரீன் கார்டு விண்ணப்பமும் அவனோடு போயிற்று. வக்கீலைப் பார்த்து ஏதாவது வழி பண்ணுகிறேன் என்று சொல்லியிருப்பவரும் மணியன்தான். இங்கே வாயைத் திறந்தால் இன்று ராத்திரி பிள்ளையை எங்கே படுக்க வைப்பது? வீடு போய்ச் சேரக்கூட அவர் கார்தான். அவளுக்கு டிரைவ் பண்ணத் தெரியாது.

உள்ளே, தகன அறையில், எல்லாம் ஒரு பொத்தானை அழுத்தியதோடு முடிந்தது.

வெளியே வந்தபோது குளிர்காற்று அடித்தது. வெண்பா இருமினாள். காரை நெருங்குவதற்குள் மறுபடியும் இருமினாள்.

"பாப்பா நேத்துல இருந்தே இருமறா," என்றாள் மணியனின் மனைவி பர்வதம்.

"ஐ'ம் ஓகே, ஆன்ட்டி," என்றாள் வெண்பா.

மணியன் கார்க் கதவைத் திறந்துகொண்டே, "வெறும் வைரல் இருமலா இருக்கும். ஃபார்மஸிக்கு ஃபோன் பண்ணிடறேன், போற வழில மருந்த வாங்கிக்கலாம்," என்றார்.

"அண்ணா."

அன்றைக்கு அவரிடம் வான்மதி தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. அவர் திரும்பினார். அவள் காரில் ஏறவில்லை. பிள்ளையின் தோளைப் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"தொட்டுப் பாருங்க."

கார்களுக்குப் போய்க்கொண்டிருந்த நான்கைந்து பேர் நின்றார்கள். மணியன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தார்த் தரையில் மண்டியிட்டார். ஸ்டெதஸ்கோப் இல்லை. வெண்பாவின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் காதையே வைத்தார்.

"மூச்ச நல்லா இழுத்து விடு, கண்ணு."

அவள் இழுத்து விட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு எழப் போனார்.

"இன்னொரு தடவ பாருங்க," என்றாள் வான்மதி.