முருகன் படத்துக்குப் பின்னால்

சனிக்கிழமை மதியம் சரசா மெஸ்ஸில் நான்கு பேர் இருந்தார்கள். வாசலை ஒட்டிய கல்லா மேசையில் முதலாளி ஏகாம்பரம். சமையற்கட்டு வாசலில் முக்காலி போட்டு அவர் மனைவி சரசா. மின்விசிறிக்கு நேர் கீழே, ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வசிக்கும் ஜேம்ஸ். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், லேப்டாப் பையை மடியில் வைத்தபடி, எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கும் சௌம்யா. சுவரோரம் முருகன் படத்துக்குக் கீழிருந்த நாற்காலியில் யாரும் இல்லை. ஆனாலும் அதன் முன்னால் இலை போட்டு, சோறு வைத்திருந்தது.

மாதப் பணம் கட்டிச் சாப்பிடுகிறவர் வராவிட்டாலும், அவர் நேரத்துக்கு இலை போட்டுவிடுவது சரசாவின் வழக்கம். அது ஹேமநாதனின் இலை. ஜேம்ஸோடு ஒரே பிரிவில் வேலை செய்கிறவன், தனியாள். ஆளில்லாத சோற்றிலிருந்து ஆவி எழுந்து படத்தின் கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது.

பருத்திப்பட்டு ஏரியின் மேல் மேகம் கவிந்து, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஊதுபத்தி வாசனைக்கு அடியில் வேறொரு வாடை. தரைக்குக் கீழிருந்த தண்ணீர்த் தொட்டியில் 'களக்... களக்' என்று யாரோ எதையோ விழுங்குவது போலச் சத்தம். நால்வருக்கும் கேட்டது.

"இன்னா ஜேம்ஸு, உன் தோஸ்து இன்னிக்கும் காணோம்? ஊருக்குப் போய்ட்டானா?" என்றாள் சரசா.

"ஆஸ்பத்திரில கீறான்க்கா. மஞ்சக்காமாலை. கண்ணு ரெண்டும் மஞ்சத்தூள் கொட்டினா மாதிரி கீது. ஜொரத்துல இன்னாத்தையோ ஒளர்றான்."

"இன்னா ஒளர்றான்?" ஏகாம்பரம் கேட்டார்.

"சிரிக்காத அண்ணாத்தே. 'மெஸ்ல முருகன் படத்துக்குப் பின்னால ஒரு மூஞ்சி கீதுடா. நான் துன்றத பாத்து சிரிச்சுகினே கீது'ன்றான். திரும்பத் திரும்ப அதே பேச்சு."

"ஐயோ, சும்மா இருங்கண்ணா. சாப்பிடற நேரத்துல!" சௌம்யா படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இலையை நோக்கிக் குனிந்துகொண்டாள்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. படத்துக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு முகம் இருந்தது.

கோடையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தபோது, குடிதண்ணீர் எடுக்கும் அந்தத் தொட்டியின் சுவர் விரிசல் விட்டு, பக்கத்துச் சாக்கடை உள்ளே கசிவதைக் கண்டுபிடித்தார். கடையின் சுத்தத்துக்கு மதிப்பெண்ணாக அவர் கொடுத்த அட்டையில் ஐந்து சிரித்த முகங்கள். ஒன்றுக்குத்தான் வர்ணம் பூசியிருந்தது; ஐந்துக்கு ஒரு மதிப்பெண். "இதை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். தொட்டியைச் சரிசெய்துவிட்டு எழுதுங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிப் போனார். ஏகாம்பரமும் மாட்டினார். மறுநாளே அதன்மேல் முருகன் படத்தை மாட்டினார். "சாமி படத்த எவன் நகத்திப் பாப்பான்?" என்றார் சரசாவிடம். தொட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். மழை வந்துவிட்டது. படம் மட்டும் ஆணியில் முன்பக்கம் சாய்ந்தே தொங்கியது. அதன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு இடுக்கில் அந்த முகம் தெரியும்.

"டாக்டர் இன்னா சொல்றாரு?" என்றார் ஏகாம்பரம்.

"ஈரல் ரொம்ப கெட்டுப்போச்சாம். பொழைக்கிறதே கஷ்டமாம். எங்க துன்னான், எங்க தண்ணி குடிச்சான்னு துருவித் துருவிக் கேக்கறாங்க. நான் உன் கட பேர சொல்லல அண்ணாத்தே. நம்ம ஊடு மாதிரி, சுத்தமாத்தான் இருக்கும்..."

களக்.

சௌம்யா தண்ணீர் டம்ளரை எடுத்தாள். சரசா பாய்ந்து வந்து அதைத் தட்டிவிட்டாள். "குடிக்காதம்மா! தொட்டில சாக்கடத் தண்ணி கலக்குது!"

கொட்டிய தண்ணீர் தரையில் ஊர்ந்து போய், ஹேமநாதனின் நாற்காலிக் காலைச் சுற்றித் தேங்கி நின்றது.

"தெனம் அந்தப் படத்துக்கு சூடம் காட்றியே, பின்னால இன்னா கீதுன்னு மறந்துட்டியா?" சரசா கணவனிடம் கத்தினாள். "அந்தப் புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா இன்னா பண்ணுவ? அவன் போட்டோவயும் அதும்மேல மாட்டுவியா?"

ஏகாம்பரம் எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினார். அட்டை சுவரின் ஈரத்தை உறிஞ்சி உப்பியிருந்தது. வர்ணம் பூசிய அந்த ஒரே முகத்தின் சிரிப்பு கரைந்து, கீழே வழிந்திருந்தது. கண்கள் மட்டும் அப்படியே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜேம்ஸ் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நான் உன்ன நம்பி வாய மூடிகினு இருந்தேன். நீ சாமிய வெச்சே மூடிகினு இருந்தியா?"

"இது வெளியில தெரிஞ்சிருந்தா நாங்க திட்டியிருப்போம்ணா. வீட்டுலருந்து தண்ணி கொண்டு வந்திருப்போம். அவ்வளவுதான்" என்றாள் சௌம்யா. "மறைச்சீங்க பாருங்க, அதுதான் அவர ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிருக்கு."

ஜேம்ஸ் அங்கிருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, மெஸ்ஸின் பேரையும் தொட்டித் தண்ணீரையும் சொன்னான். சரசா அடுப்பை அணைத்தாள். ஏகாம்பரம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுத ஆரம்பித்தார். தொட்டி, சாக்கடை, முருகன் படம், ஹேமநாதன் என ஒன்றையும் விடவில்லை. கடையை மூடிவிட்டதாகவும், தண்டனை எதுவானாலும் ஏற்பதாகவும் எழுதினார். கடைசி வரி இப்படி இருந்தது: 'கடையின் மதிப்பெண் அங்கே சாப்பிடுகிறவர்களுக்குச் சொந்தம். அதை மறைக்கிறவன் அவர்கள் சோற்றில் நஞ்சு வைக்கிறான். நான் வைத்தேன்.'

உறையை ஒட்டப் பசை இல்லை. ஏகாம்பரம் சுற்றிலும் தேடிவிட்டு, தொடப்படாத இலைக்குப் போனார். ஹேமநாதனின் சோற்றில் நாலு பருக்கை எடுத்து, நசுக்கித் தடவி, உறையை அழுத்தி மூடினார்.

ஜேம்ஸ் அதை வாங்கி, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்கு வண்டியை எடுத்தான்.