நல்ல கை

மகளிடமிருந்து போன் வந்தபோது அவர் நடைபாதையை உடைத்துக்கொண்டிருந்தார். பிரேக்கர் மிஷின் போடுகிற சத்தத்தில் போன் மணி எங்கே கேட்கும்? சட்டைப் பையில் அது துடித்ததும் தெரியவில்லை. ஆளே மொத்தமாகத் துடித்துக்கொண்டிருக்கும்போது பையில் துடிப்பது தனியாகவா தெரியும்? கம்பி வளைக்கிறவன்தான் தோளைத் தட்டிப் பையைக் காட்டினான்.

"டாக்டரம்மா கூப்பிடுது போல. எடுங்கண்ணே."

"டாக்டர் இல்லடா, தெரபிஸ்ட்."

"ஏதோ ஒண்ணு. சட்டைக்குப் பொத்தான் போடச் சொல்லிக்குடுக்கிற படிப்புதானே? அதுக்குப் போய் ரெண்டு டிகிரி!"

இந்தக் கேலி பழசு. மகள் படிப்பது ஆக்குபேஷனல் தெரபியில் மேற்படிப்பு. அடிபட்டவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் மறுபடி தங்கள் கையால் சாப்பிட, குளிக்க, உடுத்த, வேலைக்குப் போகப் பழக்குகிற படிப்பு. ஆரம்பத்தில் அவர் இதையெல்லாம் ஆளுக்கு ஆள் விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் பெயரை மட்டும் திருத்திவிட்டு மிஷினைப் பிடித்துக்கொள்வார்.

"அப்பா, இன்னிக்கு எனக்கு ப்ராக்டிகல்" என்றாள் மகள். மூச்சு வாங்கியது. "என் பேஷன்ட் வரலப்பா. காய்ச்சலாம். பத்து மணிக்குள்ள வேற ஆளைக் கூட்டிட்டு வந்தாப் பரீட்சை எழுதலாம்னு சொல்லிட்டாங்க. நல்ல கையா இருந்தாக்கூடப் பரவாயில்லையாம். நான் எப்படிச் சோதிக்கிறேன்னுதான் பார்ப்பாங்களாம். நீங்க பக்கத்துத் தெருவுலதானே இருக்கீங்க?"

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கையைக் குடுத்துட்டு உக்காருங்க. நல்ல கை, அவ்வளவுதான்."

அவர் தன் கையைப் பார்த்தார். பார்வைக்கு நல்ல கைதான். அகலம், காய்ப்பு, பத்து விரல், எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் சுண்டுவிரல் தவிர மற்ற விரல்களில் உணர்ச்சி போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குளிரான காலைகளில் விரல் நுனிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். ஒருநாள் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும்போது, தோல் தீய்ந்த வாடை மூக்குக்கு வந்த பிறகுதான் கை சுட்டது தெரிந்தது.

இது மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் அதிகம் பேசவில்லை. அவருடைய நான்கு சட்டைகளையும் எடுத்து, பொத்தான்களைப் போட்டபடியே வைத்து, முன்பட்டியைக் கழுத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு, அடிவரைக்கும் தைத்து மூடிவிட்டாள். மேலே இருந்த இரண்டு பொத்தான்களையும் வெட்டியெடுத்துக் காஜாவின் மேலேயே தைத்தாள்; அடியில் திறப்பு அப்படியே இருந்தது. சட்டை தலைவழியாகப் போகும், தலைவழியாக வரும். வெளியே இருந்து பார்த்தால் பொத்தான் போட்ட சட்டை. மகள் விடியும் முன்னே கிளம்பி, திரும்பி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறவள். அவள் கண்ணில் அது படவே இல்லை.

"படிப்பு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது அவருக்கும் மனைவிக்கும் ஒப்பந்தம். முன்பே சொன்னால் மகள் மிஷினை விடச் சொல்வாள். மிஷினை விட்டால் வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு?

போன வருஷம் இதே பரீட்சையில் மகள் தவறிவிட்டாள். பக்கவாதம் வந்த ஒரு கிழவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க முடியாமல் இவளே கையை நீட்டிப் போட்டுவிட்டாள். நோயாளி செய்ய வேண்டியதை நீ செய்துவிட்டாய் என்று உட்கார வைத்துவிட்டார்கள். இந்தத் தடவையும் போனால் முதலிலிருந்து சேர வேண்டும்.

அவர் கை கால் கழுவிக்கொண்டு கிளம்பினார். நல்ல கை, நல்ல கை என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

பரீட்சை அறை வேடிக்கையாக இருந்தது. ஒரு மூலையில் எரியாத அடுப்பும் தண்ணீர் வராத குழாயும். சுவரில் ஒரு பலகை. அதில் தாழ்ப்பாள், பூட்டு, கைப்பிடி, சுவிட்சு எல்லாம் வரிசையாக அடித்து வைத்திருந்தார்கள். ஒன்றிலும் கதவு இல்லை. கதவை மாட்ட மறந்துவிட்டு மீதியை வாங்கிப் போட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சம்மதப் படிவத்தை நீட்டினார். அவர் ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை. அவர் கையெழுத்துப் போட்டதும் அம்மாள் மகளைப் பார்த்தார்.

"உறவா?"

"எங்கப்பா மேடம்."

"பரவாயில்ல. ஆனா இங்க அவர் உங்க பேஷன்ட். அப்பான்னு கூப்பிடாதீங்க."

மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஐயா, உங்க வலது கையை இந்த அட்டைக்குப் பின்னாடி வைங்க" என்றாள்.

ஐயா. அவருக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. கையை வைத்தார். அட்டை மறைத்ததால் மகளின் கையும் தெரியவில்லை, தன் கையும் தெரியவில்லை.

"குச்சி நுனியில மெல்லிசா ஒரு நைலான் நரம்பு இருக்கு. நான் தொடும்போதெல்லாம் 'தொட்டீங்க'ன்னு சொல்லணும். சரியா ஐயா?"

"சரிங்க."

விரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காது நன்றாக இருந்தது. மகள் முன்னால் சாயும்போதெல்லாம் நாற்காலி ஒரு சின்ன முனகல் முனகியது. முனகல் வந்ததும் இரண்டு எண்ணிவிட்டு, "தொட்டீங்க" என்றார். மறுபடி முனகல். "தொட்டீங்க." வருஷக்கணக்காக மிஷினோடு தாளம் போட்டவருக்கு இது பெரிய காரியமா? மகள் காகிதத்தில் வரைந்திருந்த கைப்படத்தில் ஒவ்வொரு விரலுக்கும் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டே போனாள். பச்சை என்றால் நல்லது என்று அவருக்குப் புரிந்தது. இந்தக் கையும் அடுத்த கையும் பச்சையாகிவிட்டால் பரீட்சை முடிந்தது.

நாற்காலி முனகியது. இரண்டு எண்ணினார். "தொட்டீங்க."

மகள் பென்சிலை எடுக்கவில்லை.

மறுபடி முனகல். "தொட்டீங்க."

அப்போதும் எடுக்கவில்லை. தொடாமலே சாய்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு எட்டவில்லை. அதன் பிறகு நாற்காலி சத்தமே போடவில்லை. அவர் காத்திருந்தார். ரொம்ப நேரமாகச் சத்தமில்லை. மகள் அட்டையை மெதுவாக எடுத்தாள்.

மேஜையில் இருந்த குச்சிகளிலேயே தடித்த நைலான் நரம்பு அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் வில்லாக வளைந்து அழுந்திக்கொண்டிருந்தது. தோலில் குழி விழுந்திருந்தது. அவர் அதை யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, பார்த்துவிட்டோமே என்பதற்காக, "தொட்டீங்க" என்றார்.

மகள் குச்சியை மேஜையில் வைத்தாள். அவள் முகம், கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"அடுத்தது உடுத்துறது" என்றார் தேர்வாளர்.

"ஐயா, மேல் பொத்தானை அவிழ்த்துக் காட்டுங்க."

அவர் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். பொத்தானைத் தேடுவது போல விரலை ஓட்டினார். "புதுச் சட்டை. இறுக்கமா இருக்கு" என்றார். துவைத்துத் துவைத்துக் காலர் நூல் பிரிந்த சட்டை அது. தேர்வாளர் கண்ணாடியை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டார்.

மகளின் கை நீண்டது. அவருடைய கழுத்துக்கு ஒரு சாண் தூரம்வரை வந்தது. அங்கேயே நின்றது. பிறகு திரும்பிப் போய் மடியில் உட்கார்ந்துகொண்டது. சுவர்க் கடிகாரத்தில் முள் ஒரு சுற்றுச் சுற்றியது. அவளாக இந்தத் தடவை எதுவும் செய்யப் போவதில்லை, தானாகத்தான் இதை முடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

"இது அவிழாதும்மா" என்றார். "உங்கம்மா தைச்சு வச்சிருக்கா."

மகள் குனிந்து பார்த்தாள். பொத்தானுக்கு அடியில் வரிசையாகப் போன நெருக்கமான தையலை விரலால் ஒருமுறை தடவினாள். பச்சை தீட்டிய காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தாள். நிமிரவே இல்லை. இரண்டு கைகளையும் முதலிலிருந்து சோதித்தாள். இந்தத் தடவை அவர் உள்ளதைச் சொன்னார். சொல்ல அதிகம் இல்லை. எட்டு விரல் சிவப்பு, உணர்ச்சியே இல்லை. சுண்டுவிரல்கள் மட்டும் நீலம், கொஞ்சம் மிச்சம்.

"உங்க முடிவு?" என்றார் தேர்வாளர்.

"சூடு பட்டாலும் வெட்டுப்பட்டாலும் தெரியாத அளவுக்கு உணர்ச்சி போயிருக்கு மேடம். அதிர்வு மிஷின் காரணமா இருக்கலாம். நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பணும்." பேருந்து நேரம் அறிவிப்பவள் குரல் போல இருந்தது. "மிஷினைத் தொடக் கூடாது."

"எப்பலருந்து?"

"இன்னிலருந்து."

"முதல்ல பச்சை போட்டீங்களே?"

"தப்பு. தொடாம ஒரு தடவை, தொட்டு ஒரு தடவைன்னு ஆரம்பத்துலயே கலந்து சோதிச்சிருக்கணும். தெரிஞ்ச கைன்னு நினைச்சுட்டேன்."

அம்மாள் எதையோ எழுதினார். இன்னிலருந்து என்றால் வேலை போயிற்று என்று அவருக்கு விளங்கியது. கோபமோ அழுகையோ வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. சுவரில் இருந்த தாழ்ப்பாள்களை எண்ணினார். ஏழு இருந்தன.

மத்தியானம் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு மகள் வந்தாள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பாஸா?"

"பாஸ்."

"அப்ப சரி."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏம்ப்பா சொல்லல?"

"நல்ல கை வேணும்னு கேட்ட. குடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நீ கேக்கல" என்றார். குத்திக்காட்ட அல்ல, உள்ளதைத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நான் எங்க சொன்னேன்? சட்டை சொல்லிருச்சு."

மகள் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து நான்கு சட்டைகளின் தையலையும் பிரித்தாள். "அடியே, அது நாலு நாள் வேலைடி" என்று முணுமுணுத்த தாய், கொஞ்ச நேரம் கழித்துத் தானும் ஒரு சட்டையை எடுத்துப் பல்லால் நூலைக் கடித்து இழுக்க ஆரம்பித்தாள். மேல் பொத்தான்களையும் பழைய இடத்தில் தைத்துவைத்தாள்.

மறுநாள் காலை அவர் கண்ணாடி முன் நின்றார். மகள் கட்டில் ஓரத்தில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விரலை நம்பாதீங்கப்பா. கண்ணால பாருங்க. கண்ணுதான் இப்ப விரல்."

முதல் பொத்தான் நாலு தடவை நழுவியது. வாசல்பக்கம் போன மனைவி எட்டிப் பார்த்து, "நான் போட்டுவிடட்டுமா?" என்றாள். "நீ போம்மா" என்றாள் மகள். சுண்டுவிரலால் காஜாவைத் தடவிப் பிடித்து, மற்ற விரல்களால் தள்ளிப் பார்த்தார். போயிற்று. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டாவது பொத்தான் போகும்போது தெருமுனையில் வேலைக்கு ஆளேற்றிப் போகும் வண்டி இரண்டு தரம் ஹாரன் அடித்தது. மூன்றாவது தரமும் அடித்தது. அவர் நான்காவது பொத்தானில் இருந்தார்.

அடிவரை வந்தபோது ஒரு பொத்தான் மிச்சம் இருந்தது. காஜா இல்லை. முதலிலேயே ஒரு ஓட்டை மாறிப் போட்டிருக்கிறார். கண்ணாடியில் மகளைப் பார்த்தார். அவள் அதை முதல் பொத்தானிலேயே பார்த்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. கை இன்னும் தொடைக்கு அடியிலேயே இருந்தது.

"வண்டி போயிருச்சா?"

"போயிருச்சுப்பா."

"அப்ப அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.