ஈரக்கை

ஆன்டெனாவைக் கணினியிலேயே ஓட்டிச் சோதிக்கிற சிமுலேஷன் மென்பொருளை மாற்றப்போகிறார்களாம். பழைய குப்பையையெல்லாம் கழித்துவிட வேண்டுமாம். புது மேனேஜர் மெட்டீரியல் பட்டியலை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"மேடம், 'ஈரக்கை'ன்னு ஒண்ணு இருக்கே, என்னது?"

ஆன்டெனா வடிவமைக்கும் அந்த அம்மாள் நாற்காலியைத் திருப்பினாள்.

"மனுஷக் கை, சார். சிக்னலை எவ்வளவு குடிக்கும்னு அளந்து போட்டது."

"ரொம்பக் குடிக்குதே. ஸ்டாண்டர்ட் கையோட ஒத்தே போகலை. தப்பா அளந்திருக்காங்க, தூக்கிடுங்க."

ஒத்துப்போகாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அளந்ததே அவள்தான். அப்போது சோதனைக்கென்றே விற்கிற ஸ்டாண்டர்ட் கையெல்லாம் வாங்க ஆபீஸில் வழியில்லை. பக்கத்து மேசைக்காரர் போனால் போகிறதென்று கையை நீட்டினார். அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு, கருவியின் முனையை உள்ளங்கையில் அழுத்தினாள். கை தொப்பலாக நனைந்திருந்தது. "உங்க கை பட்டா டவரே படுத்துடும் போல" என்று ஆபீஸே ஓட்டித் தள்ளியது. மனுஷன் தலை நிமிரவில்லை. பட்டியலில் அந்தப் பெயரையும் அன்றைக்கே ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டாள். கட்டிய பிறகு பார்த்தால் கை உலர்ந்து கிடக்கிறது. சந்தேகத்தில் மறுபடி அளந்தாள், எல்லாரையும் போலத்தான்.

"அன்னைக்கு நீ கையைப் பிடிச்சியே, பயம்" என்றார்.

பட்டியலில் பழைய எண்ணைத் திருத்தியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. இப்போது அவர் போய் மூன்று வருஷமாகிறது. அந்த முதல் நாளில் மிச்சமிருப்பது பாழாய்ப்போன இந்த ஒரு வரிதான்.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுத் தூக்கிடறேன், சார்."

கையிலிருந்த வேலை, தனியாக இருப்பவர்கள் ஆபத்தில் அழுத்துகிற உதவிப் பொத்தான். ஸ்டாண்டர்ட் கையில் அது தேறிவிட்டது. இப்போது கணினியில் ஈரக்கையால் பொத்தானைப் பொத்தி ஓட்டினாள். மதியம் முடிவு வந்தது. சிக்னல் வெளியே எட்டவேயில்லை.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "கைதான் தப்புன்னு சொன்னேனே. இப்படி யாருக்கு வியர்க்கும்?"

"பயந்தவங்களுக்கு, சார். இந்தப் பொத்தானை வேற யாரு அழுத்தப் போறாங்க?"

மேனேஜர் அந்த முடிவை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, அழிக்கச் சொல்லிப் போட்டிருந்த குறியை எடுத்துவிட்டார்.

"பேரையாவது மாத்திடலாமா?"

"வேண்டாம், சார். இருக்கட்டும்."

மேனேஜர் நகர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆன்டெனாவை முதலிலிருந்து வரைய ஆரம்பித்தாள், அந்தக் கைக்குள்ளிருந்து கூப்பிட்டாலும் வெளியே கேட்கிற மாதிரி.