வடக்கு பார்த்த வீடு

தெய்வநாயகி வீட்டில் இருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி, எந்த மூலையில் எப்படி வைத்தாலும், பொழுது சாய்வதற்குள் அவள் மகன் பாலா இருக்கும் பக்கம் திரும்பிக்கொள்ளும். அலமாரி மேல் குறுக்காகக் கிடத்தினால் நெடுக்காகும். சுவரோரம் சாத்தி வைத்தால் சரிந்து விழும். விழுந்த இடத்திலேயே மெல்ல நகர்ந்து, பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தால் பள்ளிக்கூடத்தையும், தெருவில் பந்தாடினால் தெருவையும் பார்த்துக்கொண்டு கிடக்கும். கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு உள்ளடங்கிய அந்த நகரில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. தண்ணீர் லாரி வருமா வராதா என்பதே அங்கே பெரும்பேச்சு. தெய்வநாயகி மட்டும் அந்த இரண்டு கருப்பு ஓட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துணியைப் போட்டு மூடுவாள். அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை.

துப்பாக்கி படாளம் என்ற ஊரிலிருந்து வந்தது. மாமனார் கோதண்டத்தின் குடும்பம் கரும்புக் கொல்லையில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது. அவர் உயிரோடு இருந்தவரை அது அவரைத்தான் பார்த்தது. கரும்பு ஆளை மறைக்கும் மாதங்களில் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாவிட்டால், மாமியார் துப்பாக்கியைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்துவார். அது காட்டிய திசையில் சோற்றுத் தூக்கோடு ஆள் போகும், ஒரு நாளும் தப்பியதில்லை. அது அவர்மேல் வைத்த பாசம் என்று குடும்பத்தில் ஒரு கட்சி சொல்லும். இன்னொரு கட்சி குரலைத் தாழ்த்திப் பேசும். ஏனென்றால் கோதண்டத்துக்கு முன்னால் துப்பாக்கி பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய அண்ணனை. ஒரு நாள் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது அது வெடித்து, அண்ணன் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். தம்பியோ மாரடைப்பில் வரப்பில் விழுந்து செத்தார். அந்த நேரம் வீட்டுச் சுவரில் தொங்கிய துப்பாக்கி மூக்கைத் தரைக்குக் கவிழ்த்துக்கொண்டது. ஆக ஒருவரைக் கொன்றது, ஒருவரை விட்டது. அது காவல் காக்கிறதா குறி பார்க்கிறதா என்று இந்த இரண்டு சாவை வைத்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? கருமாதி முடிந்த வாரத்தில் அது பேரன் பக்கம் திரும்பியது.

தெய்வநாயகியின் கணவர் திருநாவுக்கரசு செங்கல்பட்டில் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வாரிசு என்ற முறையில் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டபோது, ஏதோ ஊர்த் தலைவர் பட்டம் கட்டிக்கொண்டவரைப் போல நடந்தார். அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிடலாம் என்று தெய்வநாயகி கெஞ்சிப் பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அதற்குள் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் ஊரில் உள்ள லைசென்ஸ் துப்பாக்கிகளெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். விட்டது சனி என்று அவள் நிம்மதியாகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த காலையில் ஏட்டையா போன் பண்ணினார்.

"சார், உங்க துப்பாக்கி இங்க நேரா நிக்க மாட்டேங்குது. சங்கிலி போட்டுக் கட்டியும் பகல் பூரா மேக்காலயே பாத்துகினு கீது. அங்க இன்னா சார் கீது?"

ஸ்டேஷனுக்கு மேற்கே பாலாவின் பள்ளிக்கூடம் இருந்தது. தெய்வநாயகி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். அவளும் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்தான், அடாவடிப் பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளினால் அடாவடி குறையாது, கண்ணுக்குத்தான் மறையும் என்பது அவளுக்குத் தெரியும். எங்கோ எவன் கையிலோ இருந்துகொண்டு தன் பிள்ளையைப் பார்ப்பதைவிட, தன் கண்ணெதிரே பூட்டிக் கிடக்கட்டும் என்று முடிவு செய்தாள். தேர்தல் முடிந்து அது திரும்பி வந்ததும், முதலில் பீரோவில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு மழைக்காலம் தாங்கியது. பிறகு பீரோவின் பக்கத் தகடு உள்ளிருந்து வெளியே புடைத்து, பழுத்த கட்டியைப் போல ஒரு இடத்தில் பளபளத்தது. அந்த வாரமே அவள் கணவரை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள்.

பாதுகாப்புப் பெட்டி விற்கும் கடையில் ரஞ்சித்குமார் என்ற இளைஞன் இருந்தான். வாய் நீளம், ஆனால் தொழில் தெரிந்தவன். துப்பாக்கிப் பெட்டி வாங்க வருபவர்கள் பூட்டை மட்டும் பார்த்து ஏமாந்து போகிறார்கள் என்றான். பூட்டைவிடத் தகட்டின் கனத்தைப் பார்க்க வேண்டும். கீல் வெளியே தெரியக் கூடாது. தாழ்ப்பாள் தண்டுகள் கதவின் நாலு பக்கமும் பாய வேண்டும். தோட்டாவுக்குத் தனி அறை, தனிச் சாவி. நம்பர் பூட்டு வேண்டாம், பிள்ளையின் பிறந்த நாளைப் போட்டு வைப்பீர்கள், அது பிள்ளைக்கே தெரியும் என்றான். தெய்வநாயகி ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் கேட்டாள். நின்ற வாக்கில் துப்பாக்கி வைக்கும் உயரப் பெட்டியை அவன் காட்டியபோது வேண்டாம் என்றாள். அவள் வீட்டில் பாலாவின் அறை மாடியில் இருந்தது, குழல் மேலே பார்க்கக் கூடாது. கடைசியில் படுத்த வாக்கில் வைக்கும் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். உள்ளே துப்பாக்கியின் அச்சுக்கு வெட்டிய ரப்பர் மெத்தை, மயிரிழை கூட அசைய இடமில்லை.

"இது பெயராதே?" என்று கேட்டாள்.

"தரையில போல்ட்டு அடிச்சி, காங்கிரீட்டோட புடிச்சிடுவோம்க்கா. இத்த நவுத்தணும்னா வூட்டத்தான் நவுத்தணும்" என்றான் ரஞ்சித்குமார். திருநாவுக்கரசு சிரித்தார். அவளும் அன்றைக்குச் சிரித்தாள்.

ஆடி கழித்து ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பெட்டி வந்து இறங்கியது. வாஸ்துக்காரர் சொன்னபடி வீட்டின் கன்னி மூலையான தென்மேற்கு அறையில், வடக்கே திறக்கும்படி வைத்தார்கள். ஏற்கெனவே அது வடக்கு பார்த்த வீடு, குபேரன் பார்வை என்று திருநாவுக்கரசு பெருமை பேசுவார். போல்ட்டுகள் அடித்தளம் வரை இறங்கின. உள்ளே கிடந்த குழல் அறை வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, தலைவாசல் வழியாகத் தெருவைப் பார்த்தது. அதற்கு மேல் அதனால் திரும்ப முடியவில்லை. தெய்வநாயகி பல காலத்துக்குப் பிறகு குப்புறப் படுத்துத் தூங்கினாள். கூடத்து டைல்ஸில் ஒரு மெல்லிய விரிசல் ஓடியிருந்தது. புது வீடென்றால் அப்படித்தான் என்று கொத்தனார் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மனை, ஸ்கூட்டர், லேப்டாப், பாலாவின் கணக்குப் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைக்கிற வீட்டில், ஆயுதம் என்று பேருக்கேற்ப இருந்த ஒன்றை மட்டும் எப்படி விடுவது? துப்பாக்கியை வெளியே எடுத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் கிடத்தினார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. அது முறை. பாலா சுண்டல் கிண்ணத்தோடு கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் குழல் பின்னாலேயே போனது. தெய்வநாயகி நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள், அன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை. உட்காருவதற்கு முன் அவளே பெட்டிக்கும் பொட்டு வைத்திருந்தாள். தன் பிள்ளையைக் காக்கிற பெட்டி என்ற நன்றி அவளுக்கு நெஞ்சு முட்ட இருந்தது. சாவித் துவாரத்தைச் சுற்றி, சாமி நெற்றிக்கு இடுவதைப் போல, கெட்டியாக அரைத்த சந்தனத்தை வழிய வழியப் பூசினாள்.

விஜயதசமி காலையில் திருநாவுக்கரசு துப்பாக்கியை மெத்தையில் பொருத்தினார். அவள் பூட்டினாள். சாவி கொஞ்சம் முறுக்கித்தான் திரும்பியது. பெட்டி புதிது என்று நினைத்தாள். இரண்டு நாள் கழித்து, ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"எங்கப்பா வருஷா வருஷம் பண்றதுதான். பூஜை அன்னைக்கு அத வெறும் வயித்தோட வைக்கக் கூடாதும்பாரு. ரெண்டு தோட்டா போட்டுத்தான் படைச்சேன்."

"திருப்பி எடுத்தீங்களா?"

கோதண்டம் மறுநாள் தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் துப்பாக்கியை மாட்டுவார். படைக்கிற வழக்கத்தை மகன் பிடித்துக்கொண்டார், எடுக்கிறதை மறந்தார். தெய்வநாயகி சாவியோடு ஓடினாள். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. ஊசி விட்டார்கள், தேங்காய் எண்ணெய் விட்டார்கள், வெந்நீர் பீய்ச்சினார்கள். சந்தன வாசம் வந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ரஞ்சித்குமார் ஆள் கூட்டிவந்து துளை போட்டுப் பார்த்தான். இரண்டு முனை முறிந்தது. மூன்றாவது முனை இறங்கும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. துளை போட்டவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தகட்டில் காதை வைத்தான்.

"அண்ணாத்த, உள்ள யாரோ மூச்சு வுட்டுகினு கீறாங்க" என்றான். பிறகு சாமான்களைச் சுருட்டிக்கொண்டு, கூலி கூடக் கேட்காமல் போய்விட்டான். நல்ல சரக்காகப் பார்த்து வாங்கியதுதான் வினையாகிவிட்டது என்று ரஞ்சித்குமார் தலையைச் சொறிந்தான். குண்டு பட்டால் இந்தத் தகடு தாங்குமா என்று தெய்வநாயகி கேட்டாள். வெளியிலிருந்து சுட்டால் தாங்கும் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள், உள்ளிருந்து சுட்டுப் பார்த்தவர் யாருமில்லை என்றான்.

அதற்குப் பிறகுதான் வீடு திரும்ப ஆரம்பித்தது. ஐப்பசி மழையில் மண் இளகியிருந்ததும் அதற்கு வசதியாகப் போயிற்று. காலையில் பாலா பள்ளிக்கூடம் போனால் வீடு முனகிக்கொண்டே அந்தப் பக்கம் நகரும். சாயங்காலம் அவன் வர வர, நிமிர்ந்து தெருவுக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர், தங்கள் துணி காயும் இடத்தில் நிழல் விழுவதாகச் சண்டைக்கு வந்தார். மின்வாரிய ஆள் வந்து வயரைத் தாராளமாக விட்டுக் கட்டினான். தண்ணீர்க் குழாய்க்கு ரப்பர் டியூப் போட்டார்கள். இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. பையன் வீட்டுக்குள் இருக்கும் நேரம்தான் சமாளிக்க முடியாததாக இருந்தது. அவன் அடுக்களைக்குப் போனால் வீடு அவனைப் பிடிக்கத் திரும்பும். திரும்பும் வீட்டோடு அவனும் திரும்புவான். தன் வாலைத் துரத்துகிற நாயைப் போல வீடு சுற்றிச் சுற்றி வந்து, சுவர்கள் பிளந்தன. குழலுக்கு நேர் எதிரே, கூடத்தின் நடுவில் அவன் உட்கார்ந்தால் மட்டும் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் தெய்வநாயகிக்குப் பொறுக்கவில்லை.

அவள் பிள்ளையைக் கடப்பாக்கத்தில் தன் தம்பி தாமோதரன் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். பெற்றவள் தன் கையாலேயே பிள்ளையின் துணியை மடித்துப் பைக்குள் வைத்த அந்த மத்தியானத்தைப் பற்றி அதிகம் சொல்ல என் மனசு வரவில்லை. தாமோதரன், "மாமன் வூடு இருக்கறப்ப இன்னாக்கா அழுவற?" என்று கேட்டான். பஸ் கிளம்பியது. அதோடு வீடும் முதுகைத் தெருவுக்குக் காட்டித் தெற்கே திரும்பி நின்றது. வாஸ்துக்காரர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, யமன் திசை என்று மட்டும் சொல்லி, செருப்பைக் கழற்றாமலேயே போனார்.

வருஷங்கள் ஓடின. தேர்தல் வந்தபோதெல்லாம் போலீஸ் வந்து பெட்டிக்கு அரக்கு சீல் வைத்துவிட்டுப் போனது. லைசென்ஸ் புதுப்பிக்க வந்த அதிகாரிகள், வெளியிலிருந்தே பெட்டியைத் தட்டிப் பார்த்து, ஊரில் எல்லாரும் இப்படி வாங்க வேண்டும் என்று பாராட்டினார்கள். பாலா கடப்பாக்கத்தில் படித்து முடித்து, மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தான். வீடு கிழக்கே கொஞ்சம் சாய்ந்தது. அவன் எங்கே போகிறான் என்பது அந்த நகரில் எல்லாருக்கும் தெரியும். தெய்வநாயகிக்கு மட்டும் வேறொன்றும் தெரிந்திருந்தது. வீடு பெட்டியோடு சேர்ந்து திரும்புவதால், குழல் பார்க்கும் கோடு வீட்டுக்குள் மாறுவதே இல்லை. பெட்டியிலிருந்து கூடம், கூடத்திலிருந்து தலைவாசல். பிள்ளை உலகத்தில் எங்கே இருந்தாலும் அந்த ஒரே கோட்டின் மறுமுனையில்தான் இருப்பான். அவள் ஒரு மர நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் போட்டாள். வேலைக்குப் போகும் நேரம் போக, பரீட்சைத் தாள் திருத்துவதும் கீரை ஆய்வதும் அங்கேதான். அவள் எழுந்தால் திருநாவுக்கரசு வந்து உட்காருவார். அவரை அவள் கூப்பிட்டதில்லை. தோட்டா போட்ட கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவர் உட்கார்ந்திருப்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலி காலியாக இருந்ததே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் வீடு வேகமாக வடக்கே திரும்பியது. தெய்வநாயகி எழுந்து உலை வைத்தாள், அவர் நாற்காலிக்கு வந்தார். பாலா கையில் மீன் பையோடு தெருமுனையில் திரும்பினான். வீடு வழக்கம்போல முகத்தை நேராகக் காட்டிக்கொண்டு நின்றது. சின்ன வயதில் கிளம்பிப் போனதிலிருந்து தன் வீட்டின் பின்பக்கத்தை அவன் பார்த்ததே இல்லை. உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். அவள் மீனைக் கழுவிக் குழம்பு கூட்டி, தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். அவன் அவளுடைய தோளுக்கு மேலே, இருட்டான கூடத்தைத் தாண்டிப் பார்த்தான்.

"இன்னிக்கு அப்பா முறையாம்மா?"

"ஆமா. நீ சாப்புடு, ஆறிடப் போவுது."

அவன் சாப்பிட்டான். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல் என்று சொன்னான். உள்ளே நாற்காலி ஒரு தரம் கிறீச்சிட்டது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தெய்வநாயகி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.