சூடான வாடிக்கையாளர்

கிருபாசங்கருக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் நாற்பத்திரண்டாவது வயதில் தொற்றியது. அதுவரைக்கும் மனுஷன் முழுசாகப் படித்தது கல்யாணப் பத்திரிகையும் கரண்ட் பில்லும்தான். தொற்ற வைத்தவள் அவன் பெண்டாட்டி லோகப்பிரியா. உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் மகளுக்கு கைடு வாங்கப் போனவள், சிறு தொழிலை வளர்ப்பது பற்றிய புத்தகம் ஒன்று கண்ணில் பட, சும்மா இருக்காமல் அதையும் வாங்கி வந்தாள். வினையை விலை கொடுத்து வாங்கியதாக இப்போது தன்னைத் தானே திட்டிக்கொள்கிறாள்.

பீளமேட்டில் ஒரு சந்துக்குள் அவர்களுடைய வாடகைக் கடை. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, பந்திப் பாத்திரம், இரண்டு ஃப்ரீசர் பெட்டி. மண்டபக்காரர்கள் நாற்காலி முதல் கரண்டி வரை தாங்களே கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து மற்றதெல்லாம் தூசி படிந்து கிடந்தது. செத்தவர்களை உறவு வந்து சேரும்வரை வைத்திருக்கும் அந்தக் குளிர்பெட்டிகள்தான் வெளியே போய் வந்தன.

ஒரு புத்தகம் ஆறாகி, ஆறு பதினொன்றாயிற்று. எல்லாம் எந்தத் தேசத்திலோ பீட்சா விற்றவனும் முடி வெட்டினவனும் எழுதியதைத் தமிழில் போட்டவை. கிருபாசங்கர் பச்சைப் பேனாவால் கோடு போட்டுப் படித்தான். சோறு தின்னும்போதும் ஒரு கையில் புத்தகம் இருந்தது. சரி, சீட்டாடுகிறானா, குடிக்கிறானா, படிக்கத்தானே செய்கிறான் என்று லோகப்பிரியா விட்டுவிட்டாள்.

அதோடு மனுஷன் திருந்திவிட்டான் என்றும் நினைத்தாள். சொந்தத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஓடினான். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கட்டில் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து வந்தான். போத்தனூரில் பக்கவாதம் வந்து படுத்திருந்த அவள் அப்பா பாலுசாமியைப் பார்க்க வாரம் தவறாமல் போனான். "மாப்ளையாட்டம் ஒரு மனுசனைப் பார்க்க முடியாதுங்கண்ணு" என்று அம்மா முத்தாத்தாள் போனில் சொன்னபோது லோகப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது அவளுக்குக் குமட்டுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் லோடு இறக்கப் போயிருந்தான். யாரோ நாற்காலிக்குச் சொல்லிவைத்த தேதியைக் கேட்டுப் போன் பண்ண, அதைத் தேடி மேஜை டிராயரில் இருந்த நோட்டை எடுத்தாள். பக்கத்துக்கு மூன்று கட்டம். குளிர், வெதுவெது, சூடு என்று தலைப்பு. கீழே பெயர்கள். 'ஒண்டிப்புதூர் பெரியப்பா, கிட்னி, வாரம் மூணு டயாலிசிஸ் - வெதுவெது.' 'சிங்காநல்லூர் மில்காரர் சம்சாரம், ஐசியூ - சூடு.' முதலில் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை, காய்ச்சல் கணக்கோ என்று பார்த்தாள். நோட்டுக்கு அடியில் இருந்த புத்தகத்தில் பச்சைக் கோடு போட்ட பக்கம் எல்லாவற்றையும் புரிய வைத்தது. இன்றைக்கே வாங்கக்கூடியவர் சூடான வாடிக்கையாளர், தேவை வரும் முன்பே அவர் வீட்டுக்கு நீ போயிருக்க வேண்டும் என்று அந்த பீட்சாக்காரன் எழுதியிருந்தான்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். 'பாலுசாமி மாமா, போத்தனூர். ரெண்டாவது அட்டாக் வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சூடு. கேட் அகலம் மூணரை அடி, படி ரெண்டு. பெட்டி ஸ்டாண்டோட போகும்.'

சீ! லோகப்பிரியா நோட்டைத் தள்ளிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினாள். அவள் அப்பன் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறார், கட்டின புருஷன் அவர் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே எப்போது போவார் என்று நாடி பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

கிருபாசங்கர் வந்ததும் நோட்டை அவன் முன்னால் போட்டாள். "ஏனுங்க, இது என்ன கர்மமுங்க?"

அவன் பதறவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். "தொழில் அம்மணி. போன வருசம் கணபதியில பெட்டி கேட்டுக்குள்ள நொழையாம காம்பவுண்டுக்கு மேல தூக்கிப் போட்டு அசிங்கப்பட்டமே, மறந்துட்டியா? மின்னாடியே பார்த்து வெச்சா நல்லதுதான?"

"எங்கப்பாவையுமா?"

"மாமாவுக்கு நான் வாடகை வாங்குவனா? அவருக்கு ஃப்ரீதான்."

"அப்பறம் எதுக்கு எழுதி வெச்சீங்க?"

"அந்த வீதிக்கு எரநூறு பேரு வருவாங்கல்ல, பெட்டி மேல நம்ம நம்பர் இருக்கும்ல? அவ்வளவு பேரு ஒரே எடத்துல வேற எப்பக் கெடைப்பாங்க?" சொல்லிவிட்டு, பாடம் ஒப்பித்த பையன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான்.

இத்தனை வருஷம் இந்த ஆளுக்கா காப்பி ஆற்றிக் கொடுத்தோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. "எங்கப்பன் ஊட்டுப் பக்கம் இனி காலை வெச்சீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். ஒரே ஒரு விஷயம்தான் அவள் மனசில் ஓடியது. இது அப்பாவுக்குத் தெரியவே கூடாது. மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று உருகுகிற மனுஷன் இதைத் தெரிந்துகொண்டால் அந்த நிமிஷமே செத்துப்போவார்.

மறுநாள் பஸ் பிடித்துப் போத்தனூர் போனாள். பாலுசாமி ரயில்வேயில் வேலை பார்த்தவர், ஒரு நாளில் எத்தனையோ மைல் நடந்தவர். எட்டு மாதமாக ஒரு கையும் ஒரு காலும் விளங்காமல் உள்ளறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அம்மா அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, மாப்ள போன வாரம் டேப்பு வெச்சு நம்ம கேட்டை அளந்துட்டுப் போனாருங்க சாமி. ஜன்னல்ல பார்த்தேன், மூணரை அடின்னு வாய்விட்டுச் சொன்னாரு, படியைக்கூட எண்ணுனாரு. எதுக்குன்னு நான் கேக்கல. ஆனா எனக்குத் தெரியும்."

லோகப்பிரியா அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "என்னங்கப்பா தெரியும்?"

"சக்கர நாற்காலிதான? என்னைய வெளிய கூட்டிட்டுப் போக. நீ அவருகிட்டக் கேட்டுப்போடாத. மாப்ளைகிட்ட நாம கேக்கக் கூடாது. அவரா கொண்டாரட்டும்." கோணின வாயை இழுத்து அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அன்றைக்கே அவள் கைக்காசைப் போட்டு ஒரு சக்கர நாற்காலி வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். "உங்க மாப்ள குடுத்துட்டாருங்கப்பா" என்றாள். அந்தப் பொய்யைச் சொன்ன நாக்கை வெட்டி எறியலாம் போலிருந்தது. பாலுசாமி கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்து அழுதார்.

அதற்கப்புறம் தினமும் சாயந்திரம் முத்தாத்தாள் அவரைக் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள். பால்காரன், காய்கறி வண்டிக்காரி, எதிர்வீட்டு நாச்சியம்மாள், போகிற வருகிற ஒருத்தரையும் அவர் விடவில்லை. மாப்பிள்ளையின் மனசைப் பற்றி எல்லோருக்கும் சொன்னார். கடைப் பெயரையும் சொன்னார். லோகப்பிரியாவுக்கு அது தெரிந்தே இருந்தது, தடுக்கத்தான் வழி தெரியவில்லை. மூன்று வாரத்தில் போத்தனூரிலிருந்து இரண்டு பேர் பெட்டிக்குக் கூப்பிட்டார்கள். "மாமா நமக்கு நல்லாப் பேசறாரு" என்று கிருபாசங்கர் பல் குத்திக்கொண்டே சொன்னான். காசு வந்தது. அந்தக் காசில் அரிசியும் வந்தது, அவளும் அதைத்தான் பொங்கித் தின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை போன் அலறியது. கிருபாசங்கர் வேன் கழுவிக்கொண்டிருந்தான். மதுக்கரையில் ஒரு சாவு, பெட்டி வேண்டும் என்றார்கள். முகவரி, ஆள் பெயர், கேட் அகலம், படி எத்தனை என்று அவள் மளமளவென்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. அப்பாவின் குரல்.

"கண்ணு, எதிர்ஊட்டு நாச்சியம்மா தவறிப்போயிட்டாங்க சாமி. வேற யாருக்கோ போன் பண்ணப் போனாங்க, நான் விடலை. எங்க மாப்ள இருக்கறப்ப நீங்க எதுக்கு அலையறீங்கன்னு சொல்லிப்போட்டேன். பெட்டியை அனுப்பச் சொல்லு."

"அனுப்பறேனுங்கப்பா." பேனா இன்னும் கையில்தான் இருந்தது. மதுக்கரைக்குக் கேட்ட அதே வேகத்தில் வாய் ஓடிவிட்டது. "அவங்க ஊட்டு கேட்டு எத்தனை அடி அகலமுங்க? படி இருக்குதுங்களா?"

எதிர்வீட்டில் பெண்கள் அழுகிற ஒலி மட்டும் போனில் கேட்டது. லோகப்பிரியாவுக்கு அப்போதுதான் தான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது.

"அப்பா... ஏனுங்கப்பா..."

பிறகு பாலுசாமி பேசினார். "நம்முது மாதிரியேதான் கண்ணு. மூணரை அடி. படி ரெண்டு." கொஞ்சம் நிறுத்தி, அதே மரியாதைக் குரலில், "மாப்ளைகிட்டச் சொல்லு, தாராளமாப் போகுமுங்க" என்றார்.